நீ கிள்ளிப்போட்ட பாதாம் இலைகள்

என் ரோசம்மாவுக்கு,

உன் பேரை எழுதிவிட்டு ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒன்பது வருஷம் இந்தப் பேரை நான் வாயில் எடுக்கவில்லை. யாராவது எடுத்தால்கூட எழுந்து உள்ளே போய்விடுவேன். என் எழுத்து அஞ்சாவதோடு நின்றுபோன எழுத்து, கோணல்மாணலாகத்தான் இருக்கும். நீ கன்னியாஸ்திரிகள் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரைக்கும் படித்தவள், பொறுத்துக்கொள். இப்போதைக்கு எழுத்தை மட்டும்தான் பொறுத்துக்கொள்ளச் சொல்கிறேன். மற்றதற்குப் பிறகு வருகிறேன்.

உன் அக்கா மகன் அந்துவான் என்னைத் தேடி வந்திருந்தான். நீ போய்ச் சேர்ந்து வருஷம் ஆகப்போகிறது, உன் வருஷப் பூசை வருகிறதாம். வருகிறவர்கள் கையில் கொடுக்கச் சின்னதாக ஒரு புத்தகம் போடுகிறானாம். உன்னைத் தெரிந்தவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் எழுத வேண்டுமாம்.

"எங்க சின்னம்மாவ ஒங்கள விட யாருக்கு அத்த தெரியும்?" என்றான்.

பாவம், அந்த வருஷங்களில் அவன் பிரான்சில் இருந்தான். நமக்குள் நடந்தது அவனுக்குத் தெரியாது. "எழுதறேன். ஆனா ஒரு எழுத்தக்கூட மாத்தாம போடுவியா?" என்று கேட்டேன். தலையை ஆட்டினான். அவன் வாக்குக் கொடுத்ததால் எழுதுகிறேன். அன்றைக்கு உன்னை நான் தெருவே கேட்கத் திட்டினேன் அல்லவா? இதையும் தெருவே படிக்கட்டும்.

படிக்கிறவர்களுக்கு நாம் யாரென்று தெரிய வேண்டும். நீயும் நானும் பஞ்சாலையில் ரீலிங் மிஷினில் பக்கத்துப் பக்கத்தில் நின்று பதினாறு வருஷம் நூல் சுற்றினோம். ஆலையை மூடினார்கள். நீ விழுப்புரம் ரோட்டில் ஒரு நர்சரியில் செடி வேலைக்குப் போனாய். நான் நம் ஊர் மேட்டுப்பாளையத்தில் ஒரு கம்பெனியில் பாட்டிலுக்கு மூடி போடப் போனேன். வேலைதான் பிரிந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நேராக என் வீட்டுக்குத்தான் வருவாய். நான் இட்லித் தட்டை நீட்டினால் "மெர்சி, மதாம்" என்று பிரெஞ்சில் நன்றி சொல்லிக் குனிந்து கும்பிடு போடுவாய். எனக்குச் சிரிப்பு வந்து சட்னி சிந்தும்.

உனக்குப் பிள்ளை இல்லை. என் மகள் ஜெயந்தி உன் பேரைப் பிரித்து ரோசா அம்மா என்று கூப்பிட்டாள். அத்தை என்று கூப்பிடச் சொல்லி நான்தான் பழக்கினேன், அவள் கேட்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ அவளைக் கடற்கரைக்குக் கூட்டிப்போனாய். பாவாடை மடி நிறைய நாட்டுப் பாதாங்கொட்டை பொறுக்கிக்கொண்டு இரண்டு பேரும் வந்தீர்கள். தின்றது போக ஒன்றை எங்கள் வாடகை வீட்டுக் கொல்லையில் ஊன்றினீர்கள். குழி தோண்டியது நீ. கொட்டையைப் போட்டது அவள். மண்ணை மூடியது இரண்டு பேரும். நான் குழம்புக்குப் புளி கரைத்துக்கொண்டே பார்த்தேன்.

கொட்டை முளைத்து இரண்டு வருஷத்தில் என் தலைக்கு மேல் வளர்ந்தது. அந்த இரண்டாவது வருஷம்தான் அவளை மஞ்சள் காமாலை கொண்டுபோயிற்று. பதினேழு வயசு. அதைப் பற்றி எழுத என் கையில் பலமில்லை. நீ அங்கேதானே இருந்தாய்.

அதற்கடுத்த ஆனி மாசம் வீட்டுக்காரர் வீட்டைக் கேட்டுவிட்டார். ரெட்டியார்பாளையத்தில் ஒரு சந்தில் இடம் கிடைத்தது. மரத்தை விட்டுவிட்டு வர மாட்டேன் என்று நான் உட்கார்ந்துவிட்டேன். நீதான் சொன்னாய். "அழுவாதடி. நான் பேத்துக் கொண்டாறேன். நர்சரியில தெனம் செய்யற வேலதான்."

சாமான்களோடு நான் வண்டியில் முதலில் போய்விட்டேன். அடுப்பை இறக்கி வைத்துவிட்டு, நீ இன்னும் வரவில்லையே என்று பஸ் பிடித்துத் திரும்பி வந்தேன். கொல்லையில் நுழைந்தேன். மரம் வேர் மண்ணோடு சாக்கில் கட்டிச் சாய்ந்து கிடந்தது. ஒரு இலை இல்லை. உள்ளங்கை அகல இலைகள் அத்தனையும் கிள்ளி, பச்சையாகக் குவியலாகக் கிடந்தன. உன் கை முழுக்கப் பிசுபிசுவென்று ஏதோ ஈரம். ஆஸ்பத்திரியில் ஒட்ட வெட்டிய தலையோடு ஜெயந்தி படுத்திருந்தாளே, அப்படியே எனக்குத் தெரிந்தது.

"மொட்ட அடிச்சிட்டியேடி பாவி!" என்று கத்தினேன்.

நீ எழுந்து வந்தாய். "அஞ்சல, வேரு அறுந்துபோச்சுடி. எல இருந்தா அது..."

முடிக்க விட்டேனா? என்ன சொன்னேன் என்று உனக்குத் தெரியும். படிக்கிறவர்களுக்குத் தெரிய வேண்டும் என்பதால் கையைக் கட்டிலில் ஊன்றிக்கொண்டு எழுதுகிறேன். "புள்ள பெக்காதவளுக்கு எம் புள்ள வச்ச செடியோட அரும என்னா தெரியும்" என்று சொன்னேன். சுற்றுச்சுவருக்கு மேலே நான்கு தலை எட்டிப் பார்த்தது. அவர்கள் பேர்கூட எனக்கு ஞாபகம் இருக்கிறது.

யார் குழி தோண்டியது என்று அந்த நிமிஷத்தில் எனக்கு மறந்துவிட்டது என்று சொன்னால் அது பொய். எனக்கு எதுவும் மறப்பதில்லை. என் கல்யாணப் பந்தியில் இரண்டாம் தரம் பாயசம் கேட்டதற்கு முகத்தைச் சுளித்தவளை இன்றைக்கும் தெருவில் பார்த்தால் எதிர்ப்பக்கம் போகிறவள் நான். குழி தோண்டியது நீதான் என்று தெரிந்தேதான் சொன்னேன்.

நீ கையைப் புடவையில் துடைத்தாய். மரத்தைத் தூக்கி வண்டியில் வைத்துவிட்டுத்தான் போனாய். வாசலில் நின்று, "நாப்பது நாள் பாரு" என்றாய். அதுதான் நீ என்னிடம் பேசிய கடைசி வார்த்தை.

நீ வந்து மன்னிப்புக் கேட்பாய் என்று நான் காத்திருந்தேன். கேள் இந்தக் கதையை! நான் காத்திருந்தேனாம், நீ வந்து கேட்க வேண்டுமாம்.

புது வீட்டு வாசலில், வாய்க்கால் ஓரம் நட்டோம். மரம் பிழைத்தது. முப்பத்தெட்டாவது நாள் நுனியில் சிவப்பாகக் கூம்பு மாதிரி தளிர் விட்டது. நான் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றியதால்தான் பிழைத்தது என்று தெரு முழுக்கச் சொன்னேன். "அவ கொல்லப் பாத்தா, நான் காப்பாத்துனேன்." உன் காதுக்கு எட்ட வேண்டும் என்றே நர்சரிப் பக்கம் போகிறவர்களிடம் சொல்லி அனுப்பினேன். எட்டியதா ரோசு?

வருஷா வருஷம் தை பிறந்தால் அந்த மரம் இலையெல்லாம் சிவந்து ஒன்றுவிடாமல் கொட்டிவிட்டு மொட்டையாக நிற்கும். பெருக்கி அள்ளும்போதெல்லாம் உன்னைத் திட்டுவேன். தரை காயும் காலத்தில் நீ கையால் செய்ததை மரம் தனக்குத் தானே செய்துகொண்டது. ஒன்பது தடவை என் வாசலிலேயே செய்து காட்டியது. நான் துடைப்பத்தைப் பார்த்தேன், மரத்தைப் பார்க்கவில்லை.

போன ஐப்பசியில் மழை பெய்துகொண்டிருந்தது. மீன்காரி கூடையை இறக்கும்போதே சொன்னாள், நீ தூக்கத்திலேயே போய்விட்டாய் என்று. நான் பஸ் ஏறி வந்தேன். கோவிலுக்குள் வரவில்லை. எதிரே பூட்டிய கடையின் படியில் குடையோடு நின்றேன். பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். உன் முகத்தை நான் பார்க்கவில்லை. என்ன நினைத்தேன் தெரியுமா? மன்னிப்புக் கேட்காமலேயே போய்விட்டாளே என்று நினைத்தேன். உன் பெட்டி என்னைத் தாண்டிப் போகும்போது அதைத்தான் நினைத்தேன். இதற்கு எந்தக் கோவிலில் போய் மண்டியிடுவது?

இனி இந்த வருஷத்துச் சேதி.

ஆவணியில் எங்கள் சந்தில் வாய்க்காலை அகலப்படுத்த வந்தார்கள். மரம் வாய்க்கால் ஓரம் நிற்கிறது, வெட்ட வேண்டும் என்றார்கள். நான் மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டேன். என் மகன் செந்தில் யார் யாரையோ பிடித்து, மரத்தை வேரோடு எடுத்து வேறு இடத்தில் வைக்கிற ஆட்களைக் கூட்டிவந்தான். அவர்களுக்கு மேஸ்திரி ஒரு பொம்பளை. பேர் கலா, நாற்பது வயசு இருக்கும். தலையில் துண்டு, கையில் அரிவாள்.

மரத்தைத் தட்டிப் பார்த்தாள். பிறகு கிளைகளைக் கழிக்க ஆரம்பித்தாள். இலைகள் சரசரவென்று விழுந்தன. நான் நாற்காலியை விட்டு எழுந்தேன்.

"யாரக் கேட்டுடி எலயக் கழிக்கற? மரத்த எடுக்கறன்னுதான சொன்ன, மொட்ட அடிக்கறன்னா சொன்ன?"

"கைய எடுங்க ஆயா, அருவா பட்டுறப் போவுது."

"படட்டும்."

"வேர வெட்டித்தான் எடுக்கப் போறோம் ஆயா. எல இருந்தா அது செத்துப்போவும்."

ஒன்பது வருஷமாக உன் வாக்கியம் என் காதில் பாதியில் நின்றிருந்தது. எல இருந்தா அது. அதற்குப் பிறகு என்ன? ஒரு நாள்கூட நான் யோசித்ததில்லை. முன்பின் தெரியாத ஒருத்தி, கையில் அரிவாளோடு, அதை முடித்துவிட்டுப் போகிறாள்.

"ஏன் சாவும்?" என்று கேட்டேன்.

"ஒரு கண்ணாடிக் கவர் இருந்தா எடுத்தாங்க. காட்டறேன்."

செந்திலின் புதுச் சட்டை வந்த கவர் இருந்தது. கொடுத்தேன். வெயில் படுகிற பக்கம் இன்னும் கழிக்காத கிளையில் ஒரு கொத்து இலையை அதற்குள் விட்டு வாயைக் கயிற்றால் இறுக்கிக் கட்டினாள். பிறகு வேரைச் சுற்றி மண்ணை வெட்டப் போய்விட்டாள். நான் கவரையே பார்த்துக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரத்தில் உள்பக்கம் பனி படர்ந்த மாதிரி மங்கிற்று. அவர்கள் டீ குடித்து முடிப்பதற்குள் சொட்டுச் சொட்டாக இறங்கிக் கவரின் மூலையில் தண்ணீர் தேங்கிவிட்டது. வானத்தில் ஒரு மேகம் இல்லை, ரோசு. யாரும் தண்ணீர் ஊற்றவில்லை.

"பாத்தீங்களா? இது ஒரு கொத்து. மரத்துல எத்தினி கொத்து இருக்கு?" என்றாள் கலா. "எலக்கு அடியில கண்ணுக்குத் தெரியாத ஓட்டை ஆயா, ஆயிரக்கணக்குல. அது வழியாத்தான் காத்த வாங்கிச் சாப்பாடு செய்யும். தொறந்து வெச்சா தண்ணி போவாம இருக்குமா? வேரு குடிக்கறதுல கொஞ்சூண்டுதான் மரத்துக்கு. மிச்சம் பூரா இப்டிக் காத்துலதான் போவுது."

"அப்ப அத்தினி தண்ணியும் வீணா?"

"வீணா? அது போனாத்தான் கீழேர்ந்து மேல வரும். உச்சிக்கு ஏத்த மோட்டாரா வெச்சிருக்கு? எல தண்ணிய வெளிய வுட வுட, அந்த இழுப்புலதான் ஏறுது. தண்டுக்குள்ள தண்ணி நூல் நூலா நிக்குது. எல மேலேர்ந்து இழுக்கும், வேரு கீழேர்ந்து வுடும்."

நூல் என்றாள். அதற்கு மேல் எனக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"வேர வெட்டிட்டா," என்றேன், "மேல சுத்தறது நிக்காது. கீழ வுட ஆளில்ல. இழ அறுந்துரும்."

"ஆயாவுக்குத் தெரிஞ்சிருக்கே!" என்று சிரித்தாள்.

தெரியாமல் என்ன? பதினாறு வருஷம் அதைத்தானே செய்தோம். கீழே நூல் விடுகிற கண்டில் இழை சிக்கிக்கொண்டால் நாம் முதலில் என்ன செய்வோம்? புதிதாக வருகிற பெண்களுக்கு நீ முதல் நாள் சொல்லிக்கொடுப்பதே அதுதானே? "இழயத் தொடாத, மொதல்ல ரீல நிறுத்து." மேலே சுற்றிக்கொண்டிருக்கும்போது கீழே என்ன செய்தாலும் நூல் தாங்காது. அந்தக் கொல்லையில் நீ ரீலை நிறுத்தினாய். அவ்வளவுதான் செய்தாய். ஆலையில் ஒன்றாக நின்ற எனக்கு அது புரிந்திருக்க ஒரே ஒரு வாக்கியம் போதும். அந்த ஒரு வாக்கியத்தை நான் கேட்கவில்லை.

இத்தோடு முடிந்திருந்தால்கூட நான் தாங்கிக்கொண்டிருப்பேன்.

கலா மரத்தண்டைச் சுற்றிச் சாக்கு கட்டி நனைத்தாள். வெயிலில் பட்டை காயாமல் இருக்க என்றாள். நான் பெருமையாகச் சொன்னேன், "போன தடவையும் கட்டினோமே. எம் பையன்தான் தெனம் நனைப்பான்." நான் காலையில் மேட்டுப்பாளையத்துக்கு வேலைக்குப் போய்ச் சாயங்காலம் திரும்பும்போது சாக்கு ஈரமாக இருக்கும். செந்திலுக்குப் பொறுப்பு வந்துவிட்டது என்று அப்போது சந்தோஷப்பட்டேன்.

செந்தில் பக்கத்தில்தான் நின்றான். தரையைப் பார்த்தான்.

"நான் இல்லம்மா," என்றான். "ரோசா அத்ததான். நர்சரிக்குப் போவசொல்ல எறங்கி, கட்டி, நனச்சிட்டுப் போவாங்க. தளிர் வுட்ட அன்னிக்கு வரைக்கும் வந்தாங்க."

"ஏண்டா எங்கிட்ட சொல்லல?"

"அவங்கதான் சொல்லாதன்னாங்க. சொன்னா நீ சாக்கப் பிச்சி வாய்க்கால்ல போட்டிருப்ப."

போட்டிருப்பேன். அதுதான் ரோசு என்னைக் கொல்கிறது. நீ சொன்னது சரி. பிய்த்துப் போட்டிருப்பேன், மரமும் செத்திருக்கும். அதற்கும் உன்மேல்தான் பழி போட்டிருப்பேன். நான் என்ன செய்வேன் என்று என்னைவிட உனக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. அந்தச் சொல்லைக் கேட்டுவிட்டுப் போனவள், மறுநாள் காலையில் என் வாசலில் பஸ்ஸை விட்டு இறங்க உனக்கு எப்படி மனசு வந்தது? ஜெயந்திக்காக இறங்கினாயா, எனக்காகவா? முப்பத்தெட்டு நாள், நான் தெரு முனை தாண்டட்டும் என்று எங்கே நின்றாய்? முனை டீக்கடைக்குப் பின்னாலா?

மரத்தை எங்கே வைக்கலாம் என்று கலா கேட்டபோது நான் யோசிக்கவே இல்லை. இப்போது உன் வீட்டில் இருக்கிற அந்துவானுக்குப் போன் போடச் சொன்னேன். உன் வீட்டுப் பக்கவாட்டில், நீ கனகாம்பரம் போட்டிருந்த இடத்தில் குழி வெட்டினார்கள். லாரியில் வந்த மரத்தைத் தெருவிலிருந்து சங்கிலியால் தூக்கி உள்ளே இறக்கினார்கள். கடைசியாக அந்தக் கவர் கட்டிய கொத்து ஒன்றுதான் மிச்சம் இருந்தது. கலா அரிவாளை எடுத்தாள்.

"குடு, நான் கிள்றேன்" என்றேன்.

ஒவ்வொன்றாகக் கிள்ளினேன். காம்பிலிருந்து ஈரம் விரலில் ஒட்டிற்று. அன்றைக்கு உன் கையில் பார்த்தேனே, அதே ஈரம். நான் அழுது முடிக்கிற வரைக்கும் அந்தப் பொம்பளை அரிவாளைக் கீழே வைத்துவிட்டுச் சும்மா நின்றாள்.

அன்றிலிருந்து தினமும் காலையில் பஸ் ஏறி வருகிறேன். நீ வந்த அதே ரோடு, எதிர்த்திசை. சாக்கை நனைக்கிறேன். தண்ணீரைக் குடம் குடமாக ஊற்றுவதில்லை, கலா சொன்ன அளவுதான். என் பேத்தி, "ஆயா, அந்துவான் மாமாவ மரத்த மொபைல்ல படம் எடுத்துத் தெனம் அனுப்பச் சொல்லேன், நீ எதுக்கு முட்டி வலியோட அலையற?" என்கிறாள். நீ மறைந்து மறைந்து வந்தாய். நான் எல்லோரும் பார்க்க வருகிறேன்.

இன்றைக்கு முப்பத்தொன்றாவது நாள். தளிர் வரவில்லை. போன தடவை சின்ன மரம், இப்போது முற்றின மரம். பிழைக்குமா என்று கேட்டால் கலா உதட்டைப் பிதுக்குகிறாள். காலையில் மனசு கேட்காமல் பட்டையை நகத்தால் கொஞ்சம் சுரண்டிப் பார்த்தேன். உள்ளே பச்சை இருந்தது. ஈரப் பச்சை. அந்த இடத்திலேயே சாணி மெழுகிவிட்டு, அதன் மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மெர்சி, மதாம். இந்தத் தடவை நான் சொல்கிறேன். யாரும் சிரிக்கவில்லை.

நீ மன்னிக்க வேண்டும் என்று கேட்க எனக்கு உரிமை இல்லை, அதனால் கேட்கவில்லை. தளிர் விட்டாலும் விடாவிட்டாலும் என் கால் நடக்கிற வரைக்கும் நான் இந்த மரத்தடிக்கு வருவேன். யார் கேட்டாலும் குழி தோண்டியவள் நீ என்று முதலில் சொல்வேன். யாராவது என்னிடம் ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தால், எவ்வளவு கோபம் வந்தாலும் அவர்கள் முடிக்கிற வரைக்கும் வாயை மூடிக்கொண்டு கேட்பேன். இது நம் மகள்மேல் சத்தியம்.

உன்னோடு சேர்ந்து ஜெயந்திக்குத் தாயாக இருந்த,
அஞ்சலை